சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸின் வடிவமும் பொருத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லென்ஸ் வேண்டும் என்று வருபவர்கள் முதலில் சொல்வது பவர். "இரண்டு கண்ணுக்கும் மைனஸ் மூன்று" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்காகக் கையை நீட்டுகிறார்கள். செருப்புக் கடையில் நிறத்தைச் சொல்லிவிட்டுக் கால் அளவைச் சொல்லாமல் விடுவதைப் போன்றது இது. பவர் துல்லியமாக இருந்தும், மாலைக்குள் கண் சிவந்து, லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் கண்ணாடிக்கே திரும்பியவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். "எனக்கு லென்ஸ் ஒத்துக்கொள்ளாது" என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த ஒரு லென்ஸின் வடிவம் மட்டுமே ஒத்துவரவில்லை. பார்வையைச் சோதித்து லென்ஸ் பொருத்தும் ஆப்டோமெட்ரிஸ்டாக என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெட்டியின் மேல் 8.6, 14.2 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. அவை எதைக் குறிக்கின்றன?

முதல் எண் பேஸ் கர்வ். லென்ஸின் உட்புற வளைவின் ஆரம், மில்லிமீட்டரில். எண் குறையக் குறையக் குழிவு கூடும், 8.4 லென்ஸ் 8.8 லென்ஸைவிடக் குழிவானது. இரண்டாவது எண் விட்டம், அதாவது ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரையுள்ள அகலம்.

கண்ணின் முன்புறம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் படலத்தைத்தான் இந்தப் பக்கம் முழுவதும் கருவிழி என்று சொல்கிறேன். அதன் அகலம் சராசரியாக 11.7 அல்லது 11.8 மி.மீ. சாஃப்ட் லென்ஸ் கருவிழியை முழுவதும் மூடி, சுற்றிலும் வெள்ளைவிழியின் மேல் ஏறத்தாழ ஒரு மி.மீ. படிந்து நிற்க வேண்டும். அதனால்தான் பெரும்பாலான லென்ஸ்களின் விட்டம் 14 மி.மீ.யை ஒட்டியே அமைகிறது.

நான் போடும் பிராண்ட் கிடைக்கவில்லை. அதே எண்கள் உள்ள வேறு பிராண்டை வாங்கிக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நான் சொல்ல விரும்புவதில் பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது.

லென்ஸ் கண்ணில் எப்படி உட்காரும் என்பதை முடிவு செய்வது அதன் ஆழம். லென்ஸைக் கவிழ்த்துத் தட்டையான மேசையில் வைத்தால், மேசையிலிருந்து உட்புற உச்சி வரை எவ்வளவு உயரம் இருக்கிறதோ அதுதான் ஆழம். இந்த அளவு பெட்டியில் அச்சிடப்படுவதில்லை. பேஸ் கர்வும் விட்டமும் சேர்ந்துதான் அதை உருவாக்குகின்றன. ஆப்பச்சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வளைவுள்ள இரண்டு சட்டிகளில் வாய் அகன்றதற்குப் பள்ளம் அதிகம். வாயகலம் ஒன்றாகவே இருந்து, ஒன்று மட்டும் தோசைக்கல்லைப் போலத் தட்டைப்பட்டிருந்தால் அதற்குப் பள்ளம் குறைவு.

கணக்காகவே பார்த்துவிடலாம். உட்புறம் முழுவதும் ஒரே கோள வளைவு என்று வைத்துக்கொண்டால், 8.6 வளைவும் 14.0 விட்டமும் உள்ள லென்ஸின் ஆழம் 3.60 மி.மீ. விட்டத்தை மட்டும் 14.2 ஆக்கினால் ஆழம் 3.75 ஆகிறது. இப்போது விட்டத்தை 14.0-விலேயே வைத்துக்கொண்டு வளைவை 8.4 ஆக மாற்றுங்கள்: 3.76. ஆக 8.6/14.2 என்று எழுதிய பெட்டியும் 8.4/14.0 என்று எழுதிய பெட்டியும் பார்வைக்கு வேறு, ஆழத்தில் ஏறக்குறைய ஒன்று. 8.6/14.0 பெட்டியும் 8.6/14.2 பெட்டியும் ஒரே பேஸ் கர்வ் என்ற பெயரில் விற்கப்பட்டாலும், ஆழத்தில் 0.15 மி.மீ. வேறுபடுகின்றன. ஏறத்தாழ இரண்டு தலைமுடிகளின் பருமன்தான் இது. ஆனால் நடுவில் 0.07 அல்லது 0.08 மி.மீ. தடிமனே உள்ள ஒரு லென்ஸுக்கு அது சிறிய வேறுபாடு இல்லை.

உண்மையான லென்ஸின் உட்புறம் ஒரே கோளமாகவும் இருப்பதில்லை. நடுவில் ஒரு வளைவு, ஓரத்தை நோக்கித் தட்டையாகும் வேறு வளைவுகள், சிலவற்றில் நடுவிலிருந்தே மெல்ல மாறிக்கொண்டு போகும் வளைவு என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வடிவத்தை வைத்திருக்கிறது. பெட்டியில் வருவது நடுப்பகுதியின் எண் மட்டும். அதனால் இரண்டு பிராண்டுகளில் இரண்டு எண்களும் அப்படியே ஒத்திருந்தாலும் ஆழம் வேறாக இருக்கலாம். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் விதிப்படி சாஃப்ட் லென்ஸின் வளைவிலும் விட்டத்திலும் 0.2 மி.மீ. வரை கூடவோ குறையவோ அனுமதி உண்டு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனவே நேரடிப் பதில்: எண்களை மட்டும் பார்த்து மாற்றாதீர்கள். புதிய பிராண்டைக் கண்ணில் போட்டுப் பரிசோதித்த பிறகு வாங்குங்கள்.

கருவிழியின் வளைவைத்தான் கருவியில் அளந்தார்களே, அது போதாதா?

கெரட்டோமீட்டர் அளப்பது கருவிழியின் நடுவில் சுமார் 3 மி.மீ. அகலமுள்ள பகுதியை. சாஃப்ட் லென்ஸ் உட்காருவதோ 14 மி.மீ. பரப்பில். நடுவீட்டின் தரையை மட்டும் அளந்துவிட்டு வீடு முழுவதற்கும் பாய் வாங்க முடியாது.

கண்ணுக்கும் ஓர் ஆழம் உண்டு. கருவிழியின் நடுவளைவு, ஓரத்தை நோக்கி அது தட்டையாகும் வேகம், அதன் அகலம், வெள்ளைவிழியோடு அது சேரும் இடத்தின் சாய்வு ஆகிய எல்லாம் சேர்ந்து அதை அமைக்கின்றன. இவற்றில் கருவிழியின் அகலத்துக்குச் செல்வாக்கு மிக அதிகம். வளைவு ஒன்றாகவே இருந்தாலும் 11.2 மி.மீ. கருவிழி உள்ளவருக்கும் 12.4 மி.மீ. கருவிழி உள்ளவருக்கும் ஒரே லென்ஸ் ஒரே மாதிரி உட்காராது. கருவிழியின் அகலத்தை அளக்க ஒரு சிறிய அளவுகோலே போதும், அரை நிமிட வேலை. அளக்காமல் விட்டிருந்தால், அளந்து சொல்லும்படி தயங்காமல் கேளுங்கள்.

கெரட்டோமீட்டர் அளவு வீண் என்று சொல்லவில்லை. வழக்கத்துக்கு மாறான கண்ணை அது முதலிலேயே காட்டிக்கொடுக்கும். பிற்பாடு கருவிழியின் வடிவம் மாறினால் ஒப்பிட்டுப் பார்க்கவும் அது வேண்டும்.

லென்ஸ் இறுக்கமா, தளர்வா என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். இமை கொட்டும்போது பார்வை என்ன ஆகிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணின் ஆழத்தைவிட ஆழம் மிஞ்சிய லென்ஸ்தான் இறுக்கமான லென்ஸ். அது நடுவில் கருவிழியைத் தொடாமல் சற்று மேடாக நிற்கும். பார்வை மங்கலாக இருக்கும். இமை கொட்டியதும் இமை அதை அழுத்துவதால் ஒரு நொடி தெளியும், பிறகு மறுபடி மங்கும். தளர்வான லென்ஸில் இது தலைகீழ். விழித்துப் பார்க்கும்போது தெளிவாக இருக்கும். இமை கொட்டியதும் லென்ஸ் நகர்ந்து பார்வை கலங்கி, மெல்லத் தெளியும்.

தளர்வான லென்ஸ் முதல் நிமிடத்திலிருந்தே உறுத்தும். விளிம்பு கண்ணை விட்டுத் தூக்கி நின்று கீழ் இமையில் இடிக்கும். சில சமயம் கழன்று கன்னத்தில் விழுந்துவிடும். இப்படித் தொல்லை கொடுப்பதால் அதை யாரும் பொறுத்துக்கொள்வதில்லை, உடனே திரும்பி வந்துவிடுகிறார்கள். நான் பயப்படுவது இறுக்கமான லென்ஸுக்குத்தான். போட்டவுடன் அது மிகச் சுகமாக இருக்கும். அசையாததால் லென்ஸ் போட்டிருப்பதே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் கண் கனக்கும், எரியும், கருவிழியைச் சுற்றிச் சிவக்கும்.

ஒரு மாணவி, தேர்வு நேரத்தில் தன் வழக்கமான லென்ஸ் தீர்ந்துபோக, அதே எண்கள் கொண்ட வேறொன்றை வாங்கிப் பத்து நாள் போட்டிருந்தார். "முன்னதைவிட இதுதான் சுகமாக இருக்கிறது, ஆனால் ராத்திரி கண் வலிக்கிறது" என்றார். லென்ஸைக் கழற்றிவிட்டு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப்பில் பார்த்தேன். இறுக்கமான வளையலைக் கழற்றினால் மணிக்கட்டில் தடம் தெரியுமே, அதுபோல வெள்ளைவிழியில் லென்ஸின் விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது. மஞ்சள் சாயச் சொட்டு விட்டதும் அந்த வட்டப் பள்ளத்தில் சாயம் தேங்கிப் பச்சையாக ஒளிர்ந்தது. கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினேன். நான் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பரிசோதனையில் கீழ் இமையால் லென்ஸை மேலே தள்ளிப் பார்த்தார்கள். அது எதற்கு?

லென்ஸ் எவ்வளவு எளிதாக நகர்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது என்று பார்க்க. இறுக்கத்தைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய, நம்பகமான வழி எனக்குத் தெரியாது. அசையவே அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் 100 சதவீதம் என்றும், இமையின் தாங்கல் இல்லாமல் சரிந்து விழுந்தால் 0 என்றும் குறிப்போம். 50-ஐ ஒட்டி இருந்தால் நல்ல பொருத்தம்.

சாதாரணமாக இமை கொட்டும்போது லென்ஸ் 0.2 முதல் 0.4 மி.மீ. வரை நகர்ந்தால் போதும். அந்தச் சிறு அசைவில்தான் லென்ஸுக்கு அடியில் சேரும் இறந்த செல்களும் அழுக்கும் கண்ணீரோடு வெளியேறுகின்றன. அசைவு நின்றுபோனால் அவை அங்கேயே தேங்கிவிடும். எந்தப் பக்கம் பார்த்தாலும் லென்ஸ் கருவிழியை மூடியே இருக்க வேண்டும். கருவிழியின் ஓரம் சிறிது வெளியே தெரிந்தாலும் அந்த இடம் காய்ந்து புண்ணாகும்.

லென்ஸ் போட்டவுடன் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்ணீர் சுரப்பது அடங்கி லென்ஸ் நிலைகொள்ளப் பத்துப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். ஒரு வாரம் போட்ட பிறகு, முடிந்தால் மாலை நேரத்தில், லென்ஸோடு சென்று மறுபடி காட்டுவது மிகவும் பயன் தரும்.

காலையில் நன்றாக இருக்கும் லென்ஸ் மாலையில் இறுகுவது ஏன்?

பெட்டியில் உள்ள அளவுகள் 20 டிகிரி செல்சியஸில், உப்புக் கரைசலில் மிதக்கும்போது எடுக்கப்பட்டவை. கண்ணின் மேற்பரப்பில் வெப்பம் சுமார் 34 டிகிரி. சூடு ஏறியதும் லென்ஸ் சுருங்குகிறது. ஹைட்ரோஜெல் என்பது நீரை உறிஞ்சி வைத்திருக்கும் மென்மையான பிளாஸ்டிக். நீர் அதிகமுள்ள பழைய வகை ஹைட்ரோஜெல் லென்ஸ்களில் சில, விட்டத்தில் கால் மில்லிமீட்டருக்கும் மேல் சுருங்கிவிடும். சிலிகான் கலந்த புதிய வகையான சிலிகான் ஹைட்ரோஜெல் அவ்வளவு சுருங்குவதில்லை. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: விட்டத்தில் 0.2 மி.மீ. மாறினாலே ஆழம் 0.15 மி.மீ. மாறியது. வெவ்வேறு பொருள்களால் ஆன இரண்டு லென்ஸ்கள் பெட்டியில் ஒரே எண்ணோடு கிளம்பி, கண்ணில் வெவ்வேறு அளவில் முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மேல் நாள் முழுவதும் நீர் ஆவியாகி லென்ஸ் இன்னும் இறுகுகிறது. குளிர்சாதன அறையில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு இமை கொட்ட மறந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கும், ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்காமல் பைக் ஓட்டுபவர்களுக்கும் இது அதிகம். நீச்சல் குளத்து நீர் வேறு வகையில் தொல்லை. கண்ணீரைவிட உப்புக் குறைந்த அந்த நீர் பட்டால் லென்ஸ் கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும். கிருமித் தொற்றின் ஆபத்தும் இருப்பதால், லென்ஸோடு எந்த நீரிலும் இறங்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.

ஒட்டிக்கொண்ட லென்ஸைப் பிய்த்து எடுக்காதீர்கள். லென்ஸுக்கான சொட்டு மருந்தை விட்டு, சில நிமிடம் கண்ணை மூடியிருந்து, அது தானாக அசையத் தொடங்கிய பிறகு கழற்றுங்கள்.

சிலிகான் ஹைட்ரோஜெல் நல்லது என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் அது உறுத்துகிறது?

1999 வாக்கில் வந்த முதல் தலைமுறை சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் ஆக்சிஜனைத் தாராளமாக உள்ளே விட்டன, ஆனால் விறைப்பாக இருந்தன. பழைய ஹைட்ரோஜெல் மல்துணியைப் போலக் கண்ணின் வடிவத்துக்கு ஏற்பப் படிந்துவிடும். விறைப்பான லென்ஸ் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி. தன் வடிவத்தை எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆழம் சற்றுக் குறைந்தால் ஓரம் அலையலையாகத் தூக்கி நிற்கும். அப்படிப்பட்ட லென்ஸ் ஒன்று 8.4, 8.6 என்று இரண்டு வளைவுகளில் விற்கப்பட்டது. ஒன்றில் தாங்க முடியாமல் உறுத்திய சிலருக்கு மற்றது சுகமாக இருந்தது. பின்னால் வந்தவை நன்றாகவே மென்மையாகியிருக்கின்றன. இருந்தாலும் எல்லாம் ஒரே மென்மை கொண்டவை இல்லை. ஒரு பெயரில் உறுத்தினால் அந்தப் பொருளையே வெறுத்துவிட வேண்டாம், வேறொன்றைச் சோதித்துப் பாருங்கள்.

விளிம்பின் வடிவத்தையும் சொல்ல வேண்டும். கத்தி முனை போல மெலிந்து கண்ணோடு கலந்துவிடும் விளிம்பு இமைக்குத் தெரியாது, ஆனால் வெள்ளைவிழியில் கீறல் தடம் விடக்கூடும். உருண்ட விளிம்பு வெள்ளைவிழிக்கு இதமானது, இமை அதை உணரும்.

ஒரு லென்ஸுக்கு ஏன் இத்தனை வடிவங்கள்? ஒரே அச்சில் செய்ய முடியாதா?

செய்முறைதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. சாஃப்ட் லென்ஸ் பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், செக்கோஸ்லோவாகிய வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, பிராகில் தன் வீட்டு மேசையில் குழந்தைகள் விளையாடும் மெர்க்குர் என்ற இரும்புத் துண்டுகளையும் மிதிவண்டி டைனமோ ஒன்றையும் கொண்டு ஒரு கருவி செய்தார். சுழலும் குழிவான அச்சில் திரவத்தை ஊற்றினார். சுழலும்போதே அது கெட்டியாகி லென்ஸ் ஆனது. அந்த முறையில் செய்த லென்ஸுக்கு அமெரிக்காவில் 1971-இல் அனுமதி கிடைத்தது.

இதில் நான் வியக்கும் விஷயம் ஒன்று உண்டு. அச்சு கொடுப்பது லென்ஸின் வெளிப்புற வளைவை. உட்புற வளைவைக் கொடுப்பது சுழலும் வேகம். வேகத்தை மாற்றித்தான் பவரை மாற்றினார்கள். எனவே பவர் மாறும்போதெல்லாம் கண்ணைத் தொடும் பக்கத்தின் வடிவமும் மாறியது. இன்று பெரும்பாலான லென்ஸ்கள் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வார்க்கப்படுவதால் உட்புறத்தை ஒரே மாதிரி வைத்திருக்க முடிகிறது. இருந்தும் பவர் இன்னமும் வடிவத்தைத் தொடுகிறது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியது, ஓரத்தை நோக்கித் தடிப்பது. பிளஸ் லென்ஸ் நடுவில் தடித்தது. ஒரே பிராண்டில் மைனஸ் 1 போடுபவரும் மைனஸ் 9 போடுபவரும் ஒரே பொருத்தத்தை எதிர்பார்க்க முடியாது.

என் பிராண்டில் ஒரே ஒரு அளவுதான் வருகிறதாம். அது எல்லோருக்கும் பொருந்துமா?

பெரும்பாலோருக்குப் பொருந்தும். மென்மையான பொருள் சிறு வேறுபாடுகளைத் தாங்கிக்கொள்ளும். கருவிழி மிகச் சிறியதாகவோ மிக அகலமாகவோ உள்ளவர்கள்தான் விடுபட்டுப்போகிறார்கள். அவர்களுக்கு அளவெடுத்துக் கடைந்து தரும் சாஃப்ட் லென்ஸ்கள் உண்டு. விலை கூடும், வரச் சில வாரம் ஆகும். "உங்களுக்கு லென்ஸே சரிப்படாது" என்று யாராவது சொல்லியிருந்தால், முடிவு செய்யும் முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

சிலிண்டர் பவர் இருக்கிறது. வடிவம் அதில் என்ன செய்யும்?

சிலிண்டர் பவர் என்பது ஒரு திசையில் மட்டும் தேவைப்படும் பவர். அதைத் திருத்தும் டோரிக் லென்ஸ் கண்ணில் சுற்றாமல் ஒரே திசையில் நிற்க வேண்டும். அதற்காகவே சில இடங்களைத் தடிப்பாகவும் சில இடங்களை மெல்லியதாகவும் வார்த்திருக்கிறார்கள்; இமையின் அழுத்தம் அதை நேராக நிறுத்துகிறது. லென்ஸ் 10 பாகை திரும்பிவிட்டால் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருத்தப்படாமல் நிற்கும். 30 பாகை திரும்பினால், சிலிண்டர் போடாததும் போட்டதும் ஒன்றே. எனவே பார்வை அடிக்கடி ஏறி இறங்கினால் பவரைக் கூட்டும் முன், லென்ஸிலுள்ள சிறு கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

திருமணத்துக்கு மட்டும் கலர் லென்ஸ் போடுகிறேன், பவரும் இல்லை. அதற்கும் பரிசோதனை வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். பவர் இல்லாவிட்டாலும் அது கருவிழியின் மேல் உட்காரும் லென்ஸ்தான். விழி பெரிதாகத் தெரிய வேண்டும் என்று செய்யப்படும் சில கலர் லென்ஸ்களின் விட்டமும் அதிகம். முகூர்த்தத்துக்காக விடிகாலையில் போட்டு, வரவேற்பு முடியும் நள்ளிரவு வரை கழற்றாமல் இருந்துவிட்டு, மறுநாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வந்த மணப்பெண்களைப் பார்த்திருக்கிறேன். அழகு நிலையத்தில் ஒரே ஜோடியைப் பலருக்கும் மாற்றி மாற்றிப் போடும் வழக்கம் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கிருமி ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு அப்படியே போய்ச் சேரும். திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாருங்கள். அளவு பார்த்து, இரண்டு மூன்று நாள் சில மணி நேரம் போட்டுப் பழகிக்கொள்ளலாம்.

லென்ஸ் உள்வெளியாகத் திரும்பியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

விரல் நுனியில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பாருங்கள். சரியாக இருந்தால் கிண்ணம் போல விளிம்பு நேராக நிமிர்ந்திருக்கும். திரும்பியிருந்தால் விளிம்பு வெளியே மலர்ந்திருக்கும். இன்னொரு வழி, நடுவில் மெல்ல மடிப்பது. சரியான பக்கமானால் சோமாசியைப் போல இரண்டு விளிம்புகளும் உள்நோக்கிச் சேரும். தவறானால் வெளிநோக்கி விரியும்.

கூம்பு விழி இருக்கிறது என்றார்கள். சாஃப்ட் லென்ஸ் போடலாமா?

கூம்பு விழி என்பது கருவிழி கூம்பு போல முன்தள்ளும் நோய். தொடக்க நிலையில் சிலருக்கு சாஃப்ட் லென்ஸ் உதவும். கூம்பு வளர்ந்த பிறகு சாதாரண சாஃப்ட் லென்ஸ் அந்தக் கூம்பின் மேலேயே படிந்து அதே கோணலைத் திருப்பித் தரும். அப்போது தன் வடிவத்தைக் காக்கும் கடின லென்ஸோ, வெள்ளைவிழியில் ஊன்றிக் கருவிழிக்கு மேல் பாலம் போல நிற்கும் ஸ்கிளீரல் லென்ஸோ வேண்டும். கண்ணைக் கசக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் லென்ஸ் சீட்டில் பவரோடு பிராண்டின் முழுப் பெயர், பேஸ் கர்வ், விட்டம், டோரிக் என்றால் சிலிண்டரும் அதன் திசையைச் சொல்லும் ஆக்சிஸ் எண்ணும், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது ஆகிய எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கான சீட்டை வைத்து லென்ஸ் வாங்கக் கூடாது. அதில் வடிவத்தைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது, பவர் 4-ஐத் தாண்டினால் லென்ஸுக்கு வேண்டிய பவரே கண்ணாடியின் பவரிலிருந்து மாறிவிடும். வந்த பெட்டியில் ஓர் எண் மாறியிருந்தாலும், "இதுவும் அதேதான்" என்று கடைக்காரர் சொன்னாலும், திருப்பி அனுப்பிவிடுங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்ஸை உடனே கழற்றி, அதை டப்பாவோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.